அரை ஏக்கர் நிலமும் அயலாரும்

சென்ற சித்திரையில் ஒரு நாள், காலைத் திருப்பலி முடிந்து நாம் அறைவீட்டுக்குத் திரும்பியபோது, நம் பங்கைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் திண்ணையில் காத்திருந்தார். கலிபோர்னியாவில் வாழும் மகன் வீட்டுக்கு, மருமகளின் பிள்ளைப்பேற்றுக்குத் துணையாகச் சென்று, ஆறு திங்கள் தங்கித் திரும்பியவர் அவர். தோத்திரம் சொல்லி, கொண்டுவந்த மிட்டாய்ப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தவர், மூச்சு விடாமல் தொடங்கினார்.

"சாமி, அந்த ஊர்ல நாய் விளையாட ஒரு பார்க்கு கட்டணுமாம். அதுக்கு வீடு வீடா வந்து கையெழுத்தும் பணமும் கேக்குறாங்க. என் மருமகளும் அம்பது டாலர் எடுத்துக் குடுக்குறா. கடைவீதியில மனுசன் கோணியப் போத்திக்கிட்டுப் படுத்துக் கிடக்கான். நாய்க்குப் பார்க்கா? இது பாவமில்லையா சாமி?"

நாம் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. எனவே விடை சொல்லாமல், விசாரித்துச் சொல்கிறோம் என்று அனுப்பி வைத்தோம். விசாரித்ததில் நாம் அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகிறோம். வாசகர்களுள் பலருக்கு இன்று அந்நாட்டில் மக்களும் மருமக்களும் உளர் அல்லவா?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர் நாய்க்கு வீதி உண்டு. அது தன் விருப்பம்போல் ஓடும்; வேலியோரம் படுக்கும்; தேநீர்க் கடை வாசலில் பிஸ்கட்டுக்கு வாலாட்டும். அமெரிக்க நகரங்களில் அவ்வாறில்லை. வீட்டை விட்டு இறங்கினால் நாயின் கழுத்தில் வார் இருக்க வேண்டும், வாரின் மறுமுனை மனிதன் கையில் இருக்க வேண்டும், மீறினால் அபராதம். பகலெல்லாம் அடுக்ககத்தின் ஒரு கூடத்தில் அடைபட்டுக் கிடக்கும் விலங்கு, மாலையில் ஆறடி வாரின் நீளத்துக்கு நடந்து மீண்டும் அறைக்குள் வருகிறது. ஓடப் பிறந்த உயிர் ஓடாதிருந்தால் குரைக்கும், கடிக்கும், நாற்காலியைக் கிழிக்கும். ஆகவே வேலி சூழ்ந்த ஓரிடத்தில் வாரைக் கழற்றிவிடும் ஏற்பாடு பிறந்தது. அது செல்வரின் களியாட்டம் என்று நாமும் முதலில் எண்ணியதுண்டு, முற்றும் அப்படியன்று.

அமெரிக்காவின் முதல் நாய்ப் பூங்கா என்று பெரும்பாலோர் குறிப்பிடுவது, அதே கலிபோர்னியாவின் பெர்க்கிலி நகரில் 1979ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஒலோனி நாய்ப் பூங்காவை. ஒலோனி என்பது அம்மண்ணின் ஆதிக்குடிகளின் பெயர். பூங்காவின் பரப்பு ஏறக்குறைய அரை ஏக்கரே. ஆனால் அந்நிலம் எங்கிருந்து வந்தது என்பதன் வரலாறு நம்மைப் பெரிதும் கவர்ந்தது. அவ்வட்டாரத்தில் மின்சார இரயில் பாதை அமைக்கத் திட்டமிட்டபோது, நகரின் குறுக்கே உயர்ந்த தூண்களின்மேல் அதைக் கொண்டுசெல்லவே எண்ணியிருந்தனர். பாதை நகரை இரண்டாகப் பிளந்துவிடும், தண்டவாளத்துக்கு அப்பால் வாழும் எளியோர் ஒதுக்கப்படுவர் என்ற எதிர்ப்பு எழுந்தது. 1966இல் அந்நகர மக்கள், பாதையைத் தரைக்கடியில் கொண்டுசெல்ல ஆகும் மிகைச் செலவுக்காகத் தம்மேல் தாமே வரி விதித்துக்கொள்ள வாக்களித்தனர்! வரியைக் குறைக்கச் சொல்லி ஊர்வலம் போவோரைத்தான் நாம் கண்டிருக்கிறோம்.

சுரங்கம் தோண்டுவதற்காக வீடுகள் இடிக்கப்பட்டன. சுரங்கம் மூடப்பட்டபின் அதன்மேல் நீண்டதொரு வெற்றுநிலம் எஞ்சியது. 1969இல், அந்நகரின் மக்கள் பூங்காவை அரசு வேலியிட்டு அடைத்தபோது, விரட்டப்பட்டோர் இவ்வெற்றுநிலத்துக்கு வந்து செடி நட்டனர். அதிகாரிகள் அகற்றினர்; மக்கள் மீண்டும் வந்தனர். பத்தாண்டு இழுபறிக்குப்பின் அது முறையான பூங்காவாயிற்று. அதன் ஒரு மூலையில் நாய்களுக்கென வேலி எழுந்தது. ஆக, முதல் நாய்ப் பூங்காவின் அடியில் ஓர் இரயிலும், ஊரார் கொடுத்த வரியும், ஒரு நீண்ட வழக்கும் புதைந்து கிடக்கின்றன.

இத்தகைய பூங்காவை அமைப்பது எப்படி? பெரும்பாலும் நகராட்சி நிலத்தைத் தரும். மற்றவற்றுக்கு அயலார் முன்வர வேண்டும். நியூயார்க் நகரில் பூங்காத் துறை முதலில் கேட்பதே, பொறுப்பேற்க ஒரு குழு உண்டா என்பதைத்தான். குழு கூடி, கையெழுத்துத் திரட்டி, வட்டார மன்றத்தின் முன் நின்று, ஆதரவு பெற்று, பணத்துக்கும் பராமரிப்புக்கும் வழிகாட்டிய பின்னரே காரியம் நகரும். பணம் திரட்டும் குழு தன்னை அறநிறுவனமாகப் பதிவு செய்தால், கொடுப்போருக்கு வருமான வரியில் சலுகை கிடைக்கும். பதிவு செய்யும் ஆற்றலோ பொறுமையோ இல்லாத சிறு குழுக்கள் ஏற்கெனவே உள்ள ஓர் அறநிறுவனத்தின் நிழலில் கணக்கு வைத்துக்கொள்கின்றன.

வேலை என்னவோ எளிதாகத் தோன்றும். ஒரு வேலி, ஒரு கதவு. ஆனால் கதவு ஒன்றல்ல, இரண்டு வேண்டும்: முதற்கதவைத் திறந்து உள்ளே வந்து, அதை மூடி, வாரைக் கழற்றி, அதன்பின்தான் இரண்டாம் கதவைத் திறப்பது. இல்லையேல் ஒருவர் நுழைகையில் நான்கு நாய் வீதிக்குப் பாயும். சிறு நாய்க்குத் தனி அடைப்பு வேண்டும். தண்ணீர்க் குழாய் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தரையின் சரிவும் வடிகாலும் செம்மையாக வேண்டும். நூறு நாய்கள் ஓடும் இடத்தில் புல் ஒரு பருவமும் தாங்காது. எனவே மரச்சீவலோ பொடிக்கல்லோ மணலோ பரப்புவர். மரச்சீவல் விலை குறைவு. ஆனால் மக்கி, நாற்றமெடுத்து, ஆண்டுதோறும் மாற்ற வேண்டியதாகும். பொடிக்கல் நீடிக்கும், முதற்செலவு மிகுதி. நோய்த்தடுப்பும் உண்டு: வெறிநாய்க்கடி நோய்க்கு ஊசி போடாத நாய்க்கு அனுமதி இல்லை. சிகாகோ நகரில் இப்பூங்காக்களுக்கான அனுமதிச் சீட்டையும் கழுத்து வில்லையையும் கால்நடை மருத்துவரிடமே பெற வேண்டும். ஊசிக் கணக்கைப் பார்த்த பின்னரே அவர் கொடுப்பார். கடிபட்டால் யார் பொறுப்பு என்பதும் நகராட்சிகளின் அச்சமாக இருந்தது. நாயின் செயலால் மட்டும் நேரும் காயத்துக்குப் பூங்காவை நடத்தும் பொது அமைப்பு பொறுப்பாகாது என்று கலிபோர்னியா 2013இல் சட்டமே செய்துகொண்டது.

பணம் திரட்டும் வழிகளைக் கேட்டால் நம் பங்குத் திருவிழாக் குழுவினர் பொறாமைப்படுவர். நாய்களின் பெயர் பொறித்த செங்கல்லை விற்பார்கள். இறந்த நாயின் நினைவாக விசிப்பலகை வைப்பார்கள். சனிக்கிழமை நாய் குளிப்பாட்டிக் கட்டணம் வாங்குவார்கள். நியூயார்க் டாம்ப்கின்ஸ் சதுக்கத்தில் ஆண்டுதோறும் அக்டோபரில் நாய்களுக்கு வேடமிட்டு ஊர்வலம் நடத்தி நிதி திரட்டும் வழக்கம் 1990களின் தொடக்கத்தில் தோன்றி, இன்று பல்லாயிரவர் கூடும் விழாவாகியுள்ளது. அந்த அடைப்பு 2008இல் ஏறக்குறைய 4,50,000 டாலர் செலவில் புதுப்பிக்கப்பட்டது.

எனினும், ஒன்று கண்டோம். வேலிக்குப் பணம் தருவோர் சேற்றுக்குத் தருவதில்லை. திறப்பு விழாவுக்கு வந்தவர்கள், மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் மண்வெட்டியோடு வருவதில்லை. நமக்கு இது புதிதன்று. கோபுரத்துக்குப் பணம் தந்தவர் பெயரைக் கல்லில் வெட்டுகிறோம். ஓட்டை விழுந்த மழைநீர்க் குழாயை மாற்றித் தந்தவர் பெயரை எங்கே வெட்டுவது? பல பூங்காக்களில் ஐந்தாறு பேரே வாரந்தோறும் குப்பை அள்ளி, மல நாற்றத்தோடு மல்லாடி, மற்றவரிடம் ஏச்சும் வாங்குகின்றனர்.

எதிர்ப்போரும் உளர், அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. விடியலில் குரைப்பொலி. கோடையில் நாற்றம். நாயைக் கண்டாலே நடுங்கும் குழந்தை. நியூயார்க்கில் அதிகாலையிலும் இரவிலும் பல பூங்காக்களில் நாயை அவிழ்த்துவிடலாம் என்ற எழுதப்படாத வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 2006இல் குவீன்ஸ் பகுதியின் குடிமக்கள் சங்கம் ஒன்று அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. சட்டம் வார் கட்டச் சொல்லும்போது பூங்காத் துறை எப்படி அவிழ்க்கலாம் என்பது அவர்கள் கேள்வி. அவ்வாண்டின் இறுதியில் அவர்கள் தோற்றனர். ஆயினும் அவ்வழக்கால் நன்மை விளைந்தது என்பது நம் கருத்து. எழுதப்படாத வழக்கம் 2007இல் எழுதப்பட்ட விதியாயிற்று: பூங்கா திறந்தது முதல் காலை 9 மணி வரை, இரவு 9 மணி முதல் பூங்கா மூடும் வரை, உரிமமும் ஊசிச் சான்றும் உடைய நாய்களுக்கு மட்டும். அஞ்சுகிறவருக்கும் தம் நேரம் எதுவெனத் தெரிந்தது.

அம்மையாரின் கேள்விக்கு இவை எல்லாம் பாதி விடையே. மீதியை நாம் டாம்ப்கின்ஸ் சதுக்கத்தின் வரலாற்றில்தான் கண்டோம். கண்டு சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்தோம்.

அச்சதுக்கம் மன்ஹாட்டன் தீவின் கீழ்க்கரையில், பன்னெடுங்காலம் ஏழைக் குடியேறிகள் வாழ்ந்த பகுதியில் உள்ளது. 1980களில் வீடற்றோர் பலர் அங்கே கூடாரமிட்டுத் தங்கினர். சுற்றிலும் வாடகை ஏறியது. 1988 ஆகஸ்டில், இரவில் பூங்காவை மூடப் போலீசார் முயன்றபோது பெருங்கலவரம் மூண்டது. 1990இல் அங்கேதான் அந்நகரின் முதல் நாய் அடைப்பு அமைக்கப்பட்டது. 1991 ஜூன் மாதத்தில், புதுப்பிப்பதற்காக என்று சொல்லி, வீடற்றோரை வெளியேற்றி, பூங்கா முழுவதையும் வேலியிட்டு மூடினர். காவலுக்குப் போலீசாரை நிறுத்தினர். ஓராண்டுக்கு மேல் அது திறக்கப்படவில்லை. ஆனால் சில வாயில்கள் மட்டும் அப்போதும் திறந்திருந்தன. குழந்தைகளின் விளையாட்டிடத்துக்குச் செல்லும் வாயில்கள்; அவற்றோடு, நாய் அடைப்புக்குச் செல்லும் வாயில்.

அவ்வாயிலுக்கு எதிரே கிறிஸ்டோடோரா என்னும் உயர்ந்த கட்டடம் நிற்கிறது. 1928இல் ஏழைக் குடியேறிகளுக்குத் தொண்டாற்றும் இல்லமாகக் கட்டப்பட்டு, 1980களில் விலைமிகுந்த அடுக்ககமாக மாற்றப்பட்டது அது.

நாய்கள் என்ன குற்றம் செய்தன? ஒன்றுமில்லை. அடைப்பை அமைத்துப் பேணியவர்களும் தீயவரல்லர்; அவர்களுள் பலர் அதே தெருக்களில் சிறு அறைகளில் வாழ்ந்தவர்கள். ஆனால் நாய் வளர்ப்போருக்குக் கூட்டம் கூட்டத் தெரிந்தது. மனு எழுதத் தெரிந்தது. அவர்களுக்கு முகவரி இருந்தது. கூடாரத்தில் கிடந்தவனுக்கு முகவரி இல்லை. வட்டார மன்றத்தில் அவன் பெயரால் எழுந்த குரல்களும் வெல்லவில்லை. பூங்கா யாருக்கு என்னும் கேள்விக்கு, அதைக் கேட்டுப் பெறத் தெரிந்தவருக்கே என்பது அன்றைய விடையாக இருந்தது. அம்மையார் கோணி போர்த்திக் கிடந்தவனைப் பற்றிக் கேட்டபோது நாம் சிரித்தது தவறு.

இரண்டு வாரம் கழித்து அவர் மீண்டும் வந்தார். நாம் அறிந்தவற்றை எல்லாம் சொன்னோம். இரயில் சுரங்கக் கதையை மிகவும் விரும்பிக் கேட்டார். நம் நாட்டுக்கும் இது வருமா என்று வினவினார். வந்துவிட்டது என்றோம்: ஐதராபாத் மாநகராட்சி 2018இல் கொண்டாப்பூரில், முன்னர் குப்பை கொட்டப்பட்ட 1.3 ஏக்கர் நிலத்தில், ஒரு கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு நாய்ப் பூங்கா திறந்தது. அங்கே அயலார் குழு கூடிக் கட்டியதன்று. மாநகராட்சியே கட்டித் தந்தது. "அப்போ சண்டை இல்ல" என்றார் அம்மையார். ஆம், கையெழுத்துக் கேட்டு யாரும் கதவைத் தட்டவுமில்லை.

பிறகு தம் மகனின் ஊர்ச் செய்தியைச் சொன்னார். குறித்த இடத்துக்கு அடுத்த வீட்டில், இரவுப் பணி செய்து பகலில் உறங்கும் ஒருவர் கடுமையாக எதிர்த்தாராம். குழுவினர் இரண்டு ஞாயிறு அவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து பேசி, இறுதியில் வேலியைப் பூங்காவின் மறுகோடிக்கு மாற்றிக்கொண்டனராம். வேலி எழுந்துவிட்டது. பணம் தீர்ந்துவிட்டது. தண்ணீர்க் குழாய் இன்னும் வரவில்லை. ஆளுக்கொரு குடுவையில் வீட்டிலிருந்து சுமந்து போகிறார்கள்.

"குழாய்க்கு மறுபடியும் கேட்டு வந்திருக்காங்களாம் சாமி. குடுக்கலாமான்னு மருமக கேக்குறா."

கொடுக்கலாம் என்றோம். அதோடு, அந்த மறுகோடியில் இதுவரை யார் படுத்திருந்தார்கள், வேலி போடுமுன் அவர்களிடம் யாரேனும் பேசினார்களா, இப்போது அவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்று மகனிடம் கேட்கச் சொன்னோம். அம்மையார் சற்றே நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மகன் தொலைபேசியில் அழைக்கும்போது கேட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறார்.