ஒரே ஒரு கன்ட்ரோல் ரூம்!

காசிமேடு பக்கம் போனா, கடல்ல கப்பல்கள் காத்துக் கிடக்கறதைப் பார்த்திருப்பீங்க. துறைமுக கன்ட்ரோல் ரூம் கூப்பிட்டாத்தான் ஒவ்வொண்ணா உள்ளே வரும்.

1995-ல் வெளியான 'க்யூட்' மென்பொருள் கட்டமைப்பில் அந்த வேலையைப் பார்ப்பது 'க்யூஅப்ளிகேஷன்' கிளாஸ். வி.எல்.சி. பிளேயரின் முகப்பே க்யூட்டில் செய்ததுதான்!

புரோகிராமுக்கு இது ஒண்ணே ஒண்ணு. பட்டன், விண்டோ எதுக்கும் முன்னால இதை உருவாக்கணும். இல்லேன்னா புரோகிராம் படுத்துடும். கடைசியில் 'எக்ஸெக்'கை மறந்தா விண்டோ நிக்காது. கிளிக், கீபோர்டு தட்டல்னு வரிசையில் நிக்கறதை ஒவ்வொண்ணா அனுப்பும் லூப் அதுதான்.

பட்டன் கிளிக்கிலேயே பெரிய கணக்கை ஓட்டினா, வரிசை நின்னு விண்டோ உறைஞ்சிடும். அதைத் தனி 'த்ரெட்'டுக்குத் தள்ளுங்க.

வைவாவில் ''புராஜெக்ட் ஏன் ஹேங் ஆச்சு?''ன்னு கேட்டா, காசிமேட்டை நினைச்சுக்கோங்க பாஸ்!