வேலைக்குத் திரும்புகிறான் தொழிலாளி: வரவேற்பா? வசைமொழியா?

காலில் கட்டோடு ஒருவன் வேலைக்கு வந்தால், "பார்த்து அண்ணே!" என்று நாற்காலியை இழுத்துப் போடுகிறோம். இருதய அறுவை முடிந்து ஒருவர் வந்தால், "பாரம் தூக்காதீங்க" என்று அவர் கைச்சுமையை வாங்கிக்கொள்கிறோம். உடல் பருமனுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஒருவன் திரும்பி வந்தால் மட்டும் நாம் கொடுப்பது என்ன? கேலி! கிண்டல்! "கொழுப்பை வெட்டி எடுத்தாச்சா?" என்றொரு குத்தல்!

நியாயமா இது, தோழர்களே?

கொழுப்பு என்ற சொல்லுக்குத் திமிர் என்றொரு பொருளையும் ஏற்றி வைத்திருக்கிறோம். ஒரு காலத்தில் தொந்தி பணக்காரனின் முத்திரையாக இருந்தது. கேலிச் சித்திரத்தில் சுரண்டுபவனை வரைய வேண்டுமானால் முதலில் வயிற்றைத்தான் வரைவார்கள். அந்தக் காலம் போய்விட்டது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்லும் கணக்கைப் பாருங்கள்: தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள ஆண்களில் 100க்கு 37 பேரும், பெண்களில் 100க்கு 40 பேரும் அளவுக்கு மிஞ்சிய எடை உள்ளவர்கள். இத்தனை பேரும் மாளிகைவாசிகளா? இரவு ஷிப்டில் தூக்கத்தைத் தொலைத்தவனும், பகலெல்லாம் லாரியின் ஸ்டியரிங்கோடு கட்டுண்டு கிடப்பவனும், கிடைத்த நேரத்தில் கிடைத்த கடையில் பரோட்டாவையும் டீயையும் விழுங்கிவிட்டு ஓடுபவனும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். வறுமை முன்பு உடலை மெலிய வைத்தது. இன்று ஊதவும் வைக்கிறது.

இந்த அறுவை என்ன என்பதையும் தெரிந்துகொள்வோம். கொழுப்பை வெட்டி எடுப்பது அல்ல இது. வயிற்றில் சில சிறு துளைகள் இட்டு, இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேலாக அகற்றிவிட்டு, மிஞ்சியதை ஒரு குழாய்போல ஆக்குவது ஒரு முறை. இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாக்கி, குடலின் ஒரு பகுதியைத் தாண்டி இணைப்பது இன்னொரு முறை. அழகுக்குச் செய்யும் அலங்காரமா இது? காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த விதியே பதில் சொல்லும். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள பொருத்தத்தைக் காட்டும் உடல் நிறை எண் 40ஐத் தொட்டிருக்க வேண்டும். அல்லது 35ஐத் தொட்டு, அதோடு இருதய நோயோ, கட்டுக்கடங்காத சர்க்கரையோ, தூக்கத்தில் மூச்சடைக்கும் கடுமையான நோயோ இருந்து, மற்ற வழிகள் பலிக்காமல் போயிருக்க வேண்டும். அப்போதுதான் காப்பீட்டுப் பணம். உயிருக்குப் பயந்து கத்திக்கு உடம்பைக் கொடுத்தவனையா நாம் கேலி செய்கிறோம்?

சரி, அறுவை முடிந்தது. இரண்டு மூன்று நாளில் வீடு. பிறகு? இங்கேதான் வர்க்கம் தலைகாட்டுகிறது. மேசை முன் அமர்ந்து எழுதுபவர் இரண்டு மூன்று வாரங்களில் வேலைக்குத் திரும்பலாம். மூட்டை சுமப்பவன், இரும்பு தூக்குபவன், சித்தாள் வேலை செய்பவள் ஆகியோர் நாலு முதல் ஆறு வாரம் வரை பாரத்தைத் தொடக் கூடாது. மேலே தோல் ஆறிவிடும். உள்ளே போட்ட தையல் ஆற நாள் பிடிக்கும். "துளைதான் மூடிவிட்டதே, மூட்டையைத் தூக்கு" என்று மேஸ்திரி சொன்னால், தூக்குவதா? மறுத்தால், நாளைக்கு வேலை உண்டா?

ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ளவருக்கு, சந்தா நாள் கணக்கு சரியாக இருந்து, மருத்துவரின் சான்றும் இருந்தால், நோய்க்காலத்தில் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. அந்த உதவியைப் பெறும் காலத்தில் தொழிலாளியை வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 73ஆவது பிரிவு சொன்னது. 2025 நவம்பரில் அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டுவிட்டது. சட்டத்தின் பெயர் மாறலாம். அதில் இருந்த நியாயம் தேய்ந்துபோக நாம் விடக் கூடாது. அந்தத் திட்டத்துக்கே வெளியில் நிற்கும் அன்றாடக் கூலியின் கதி என்ன? ஆறு வாரம் அடுப்பு எரிய வேண்டாமா? தையல் "பொறு" என்கிறது. பசி "புறப்படு" என்கிறது. அவன் இரண்டாம் வாரமே மூட்டையடியில் போய் நிற்கிறான் என்றால் அதற்குப் பெயர் வீரமல்ல, வேறு வழியின்மை.

வேலைக்கு வந்தபின் அவனுக்குத் தேவை என்ன? முதல் இரண்டு வாரம் நீராகாரம், பிறகு மசித்தது, பிறகு மென்மையானது. மற்றவர்போல் உண்ணவே இரண்டு மாதம் ஆகும். அப்போதும் ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம், ஒரு கிண்ணம்தான். பருப்பு, முட்டை, மீன் போன்றவற்றை முதலில் உண்ண வேண்டும். மென்று, மெதுவாக, நாளைக்கு ஐந்தாறு முறை உண்ண வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. அரைமணி கழித்து, மிடறு மிடறாக, நாளெல்லாம் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே ஒரு சாப்பாட்டு மணி அவனுக்குப் போதாது. இடையிடையே பத்து நிமிடம், கைக்கெட்டும் இடத்தில் தண்ணீர் பாட்டில், களைத்தால் உட்கார ஒரு ஸ்டூல், சில வாரம் இலேசான வேலை. இவ்வளவுதான்! கோட்டையா கேட்கிறான்?

ஸ்டூல் கேட்பது கூடக் குற்றம் என்று நினைக்கும் முதலாளிகள் உண்டு. துணிக்கடையில், நகைக்கடையில் பத்து மணி நேரம் நின்றே வேலை செய்த ஆண்களும் பெண்களும் எத்தனை ஆயிரம்! 2018இல் கேரளமும், 2021இல் தமிழ்நாடும் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியருக்கு இருக்கை தரவேண்டும் என்றன. ஆகவே அந்த ஸ்டூல் அண்ணாச்சி போடும் பிச்சையல்ல. சட்டம் தந்த உரிமை. அறுவை முடிந்து வந்தவனுக்கு அது இன்னும் அவசியம்.

முதலாளிக்குச் சொன்னோம். இனி நமக்கு நாமே சொல்லிக்கொள்வோம்.

"ஒரு வாய் பிரியாணி சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?" என்று திணிக்காதீர்கள், வாந்தியில் முடியும். இனிப்பை ஊட்டாதீர்கள், குடல் இணைப்புச் செய்துகொண்டவருக்கு வியர்த்துக் கொட்டும், படபடக்கும். சம்பள நாளில் "ஒரு கட்டிங்" என்று இழுத்துச் செல்லாதீர்கள். இந்த அறுவைக்குப் பின் சாராயம் விரைவாக இரத்தத்தில் ஏறும். உடல் வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். சில வலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கும். மூன்று நாலு மாதத்தில் முடி கொட்டும். சிரிக்காதீர்கள், பெரும்பாலும் மீண்டும் வளரும். வைட்டமின், இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளை வாழ்நாளெல்லாம் விழுங்க வேண்டும். பரிசோதனைக்கு அவ்வப்போது ஒருநாள் லீவு வேண்டும். கடும் வயிற்றுவலி, காய்ச்சல், நிற்காத வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, இவற்றில் எது வந்தாலும் ஷிப்டு முடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சங்கச் செயலாளர்களே! ஊதியம், போனஸ் கோரிக்கைப் பட்டியலில் இன்னும் ஒரு வரி சேருங்கள்: எந்தப் பெரிய அறுவையானாலும், மருத்துவர் சொல்லும் காலம் வரை இலேசான வேலை, அதே சம்பளம், பழைய இடம். அவனுக்கு இன்று தேவைப்படுவது நாளை உங்களுக்கும் எனக்கும் தேவைப்படும்.

குறைந்தது அவன் எடைதான். அவன் உரிமை ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை. குறைக்க விடவும் மாட்டோம்!