பல லினக்ஸ், ஒரே விளையாட்டு

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

நம் வேளாங்கண்ணிப் பகுதியில் பல வீடுகளின் அலமாரிகளில் ஒரு மடிக்கணினி உறங்கிக்கொண்டிருக்கிறது. 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய இலவசத் திட்டத்தின்கீழ், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற அக்காமாரும் அண்ணன்மாரும் பெற்று வந்தவை அவை. அவற்றுள் பலவற்றில் விண்டோஸுடன் 'பாஸ்' என்னும் லினக்ஸ் இயக்கமுறைமையும் சேர்ந்தே வந்தது. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கமே பாஸ். அதை உருவாக்கியது சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம். எங்களுக்குத் தெரிந்த வீடுகளில் அதைத் திறந்து பார்த்தவர் மிகச் சிலரே!

லினக்ஸின் உட்கருவை 1991-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி, எவரும் எடுத்தாளலாம் என்று விட்டுவிட்டார். ஒரே பொன்னி அரிசியை ஒரு வீட்டில் பொங்கலாகவும் அடுத்த வீட்டில் புட்டாகவும் ஆக்குவதுபோல, அந்த உட்கருவைக் கொண்டு பலரும் பல வழங்கல்களைச் செய்தனர். 1993-இல் தோன்றியது டெபியன். அதன் வழிவந்தவை உபுண்டுவும் நம் பாஸும். ஃபெடோரா, ஓப்பன் சூசே, ஆர்ச் ஆகியவை வேறு குடும்பங்கள்.

இவை எல்லாவற்றிலும் ஓடக்கூடிய ஒரு விளையாட்டை இங்கே விளக்க விரும்புகிறோம். அதன் பெயர் சூப்பர் டக்ஸ் கார்ட். லினக்ஸின் சின்னமான டக்ஸ் என்னும் பென்குவின் சிறு வண்டியில் அமர்ந்து பந்தயம் ஓட்டும். இதில் துப்பாக்கியும் இரத்தமும் இல்லை என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டுகிறோம். இதன் நிரல் ஜி.பி.எல். என்னும் உரிமத்தின்கீழ் உள்ளதால், பிரதி எடுத்துத் தோழிக்குக் கொடுப்பது முறையான செயலே.

டெபியன், உபுண்டு, பாஸ் ஆகியவற்றில் டெர்மினல் என்னும் கறுப்புச் சாளரத்தைத் திறந்து 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் சூப்பர்டக்ஸ்கார்ட்' என்று தட்டச்சு செய்தால் போதும். (இவ்விதழில் தமிழில் எழுதுகிறோம், கணிப்பொறியில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், சொல்லுக்குச் சொல் இடம் விட்டு அடிக்க வேண்டும்.) 'சூடோ' என்பது பொறுப்பாளரின் அனுமதியுடன் செய் எனப் பொருள்படும். சிஸ்டரின் கையொப்பமின்றி விடுதி வாயிலைத் தாண்ட முடியாதது போலவே, கடவுச்சொல் இன்றி இம்முறையில் பொதுவாக எதையும் நிறுவ முடியாது. அக்கடவுச்சொல்லை அடிக்கும்போது பல லினக்ஸ்களில் திரையில் ஒரு புள்ளிகூடத் தோன்றாது. விசைப்பலகை பழுது என்று அஞ்ச வேண்டாம்!

ஃபெடோராவில் 'ஆப்ட்' என்பதற்குப் பதில் 'டி.என்.எஃப்', ஓப்பன் சூசேயில் 'சிப்பர்'. ஆர்ச்சில் மட்டும் 'சூடோ பேக்மேன்', அதன்பின் ஒரு சிறு கோடும் பெரிய 'எஸ்' எழுத்தும், பிறகு விளையாட்டின் பெயர். இதற்குமேல் வேறுபாடில்லை.

உண்மையான இடர்ப்பாடு பதிப்பு எண்ணில்தான் உள்ளது. வலைவழியே பலர் சேர்ந்து ஆடும் வசதி இவ்விளையாட்டில் 2019 ஏப்ரலில் வெளிவந்த 1.0 பதிப்பில்தான் வந்தது. டெபியன் குழுவினரோ தம் வெளியீட்டுக்குப் பல மாதங்கள் முன்னரே பதிப்புகளை நிறுத்திச் சோதிப்பவர்கள். ஆகவே அவ்வாண்டு ஜூலையில் வந்த டெபியன் 10-இல் பழைய 0.9.3 பதிப்பே இருந்தது. 2021-இல் வந்த டெபியன் 11-இல் 1.2 பதிப்பும், 2023-இல் வந்த டெபியன் 12-இல் 1.4 பதிப்பும் இடம்பெற்றன. பழைய கணிப்பொறி வைத்திருக்கும் தோழி தனியே ஓட்டலாம். ஒரே திரையைப் பகிர்ந்து தங்கையுடனும் ஓட்டலாம். அடுத்த வீட்டுத் தோழியுடன் மட்டும் சேர முடியாது. 'வெஸ்நாத்' என்னும் வியூக விளையாட்டில் இது இன்னும் கடுமை: 1.14 பதிப்புக்காரரும் 1.16 பதிப்புக்காரரும் ஒன்றாக ஆடவே இயலாது. வசதியுள்ளவர் புதுக் கணிப்பொறியில் ஆட, அரசு தந்ததை வைத்திருப்பவர் வேடிக்கை பார்ப்பதா?

இதற்கு வழியுண்டு. விளையாட்டை உருவாக்கியோரே தம் தளத்தில் லினக்ஸுக்கென ஒரு சுருக்கப்பட்ட கோப்பினை வைத்திருக்கிறார்கள். எந்தக் குடும்பத்து லினக்ஸ் என்பது அதற்கு ஒரு பொருட்டன்று. அரை ஜி.பி.க்கும் மேற்பட்ட கோப்பாதலால் ஆளுக்கொரு முறை இறக்கினால் அப்பாவின் கைப்பேசி டேட்டா தீர்ந்துவிடும். ஒருவர் மட்டும் இறக்கிப் பென் டிரைவில் ஏற்றி மற்றவர்க்குக் கொடுப்பதே சிக்கனம். அனைவரிடமும் ஒரே பதிப்பு இருப்பதும் உறுதி. கோப்பை விரித்து, உள்ளேயிருக்கும் 'ரன் கேம்' என்னும் கோப்பை இயக்க வேண்டும். இதற்குச் சூடோவும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம்.

மிகப் பழைய பாஸ் இருந்தால் இக்கோப்பும் ஓடாமல் போகலாம். அப்போது இயக்கமுறைமையையே புதிதாக நிறுவ நேரும். அதற்குமுன் அக்காவின் கல்லூரிச் சான்றிதழ்களையும் வீட்டுப் புகைப்படங்களையும் பென் டிரைவில் பிரதி எடுத்துவிட வேண்டும். இதைத் தடித்த எழுத்தில் அச்சிடச் சொன்னாலும் தகும்! பெரியவர் ஒருவர் அருகில் இருப்பதும் நன்று.

சேர்ந்து ஆடுவதற்கு இணையம் வேண்டியதில்லை. ஒரு கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் திறந்து எல்லாக் கணிப்பொறிகளையும் அதில் இணைத்துவிட்டு, ஒருவர் உள்ளூர் வலை என்ற பகுதியில் சேவையகத்தைத் தொடங்கினால், மற்றவர் திரைகளில் அதன் பெயர் தோன்றும். டேட்டா செலவாகாது. 2 ஜி.பி. நினைவகம் மட்டுமுள்ள பழைய கணிப்பொறிகளில் படம் தடுமாறினால், அமைப்புகளுக்குச் சென்று படத்தின் தரத்தைக் கீழ்ப்படிக்கு இறக்கிவிடலாம். ஓட்டுவதற்கு அம்புக்குறி விசைகள், வேகத்துக்கு 'என்'. வண்டி பள்ளத்தில் விழுந்தால் பேக்ஸ்பேஸ் விசையை அழுத்துங்கள். அது மீண்டும் பாதைக்கு வந்துவிடும்.