பச்சை விளக்கு எரிந்தும் பழுது
வைஃபை பெட்டியின் ஃபர்ம்வேர் குறையும் நாம் செய்ய வேண்டியவையும்

நம் சங்கக் குடும்பங்களில் இன்று வைஃபை பெட்டி இல்லாத வீடு குறைவு. விஜயபுரம், நகரி, புத்தூர், திருப்பதி என்று எங்கு சென்றாலும் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலோ, சுவர் அலமாரியிலோ ஒரு சிறு பெட்டி பச்சை விளக்குகள் மினுக்க உட்கார்ந்திருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் பிள்ளைகளோடு முகம் பார்த்துப் பேசுவது, ஓய்வூதியம் வந்துவிட்டதா என்று பார்ப்பது, மின் கட்டணம் செலுத்துவது, திருமலை தரிசனச் சீட்டு எடுப்பது எல்லாம் அதன் வழியாகத்தான் நடக்கின்றன.

அந்தப் பெட்டியில் ஒரு பாதுகாப்புக் குறை இருப்பதாகச் செய்தி வந்தால் என்ன செய்வீர்கள் என்று நண்பர்கள் பலரைக் கேட்டிருக்கிறேன். "பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் போயிற்று" என்பதுதான் பெரும்பாலோர் சொல்லும் பதில். சில குறைகளுக்கு அது சரியான மருந்து. வேறு சில குறைகளுக்கு அது மருந்தே அல்ல. எச்சரிக்கை அறிவிப்புகள் ஆங்கிலத்தில் வருகின்றன. உள்ளூர்ப் பத்திரிகைகள் அவற்றைத் தெலுங்கில் தருகின்றன. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அவை எட்டுவதில்லை. ஆகவே இதைத் தமிழில் விளக்கமாக எழுதுவது பயன்படும் என்று கருதினேன்.

ஒரே ஆண்டில் இரண்டு பாடங்கள்

2017ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வாடிக்கையாளர்களின் ஆயிரக்கணக்கான மோடங்கள் ஒரு தீய மென்பொருளால் தாக்கப்பட்டன. பலருடைய இணைப்பு திடீரென்று செயலிழந்தது. தாக்கப்பட்டவை, தொழிற்சாலையில் வைத்த 'அட்மின்' என்ற பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்ட மோடங்கள். நிறுவனம் தன் வாடிக்கையாளர்களை உடனே பாஸ்வேர்டை மாற்றும்படி கேட்டுக்கொண்டது. பூட்டு நன்றாக இருந்தும் சாவியைப் பூட்டிலேயே விட்டுவைத்த கதை இது. இதற்குப் பாஸ்வேர்டை மாற்றுவது சரியான பரிகாரம்.

அதே ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி, தீபாவளிக்கு இரண்டு நாட்கள் முன்பு, வேறு விதமான செய்தி ஒன்று உலகெங்கும் பரவியது. பெல்ஜியம் நாட்டின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்தி வான்ஹூஃப் என்ற ஆய்வாளர், வைஃபையின் பூட்டிலேயே ஒரு குறை இருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டார். அதற்குக் 'கிராக்' என்று பெயர். 2004ஆம் ஆண்டு முதல் வீடுகளிலும் அலுவலகங்களிலும் புழங்கிவந்த டபிள்யூ.பி.ஏ.2 என்ற பாதுகாப்பு முறையையே அது தொட்டது. நம் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் நிறுவனமும் எச்சரிக்கை வெளியிட்டது. எவ்வளவு நீளமான பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் இந்தக் குறை அப்படியே இருந்தது என்பதே இதில் முக்கியம்.

குறை எங்கே இருந்தது?

ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை செய்தவன் என்பதால் எனக்குத் தெரிந்த உதாரணத்தைச் சொல்கிறேன். ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு வண்டி அனுப்ப, நிலைய அதிகாரிகள் தொலைபேசியில் பேசி அனுமதி பெறும்போது 'பிரைவேட் நம்பர்' என்று ஓர் எண்ணைச் சொல்வார்கள். அந்த எண்கள் ஒரு தாளில் தாறுமாறான வரிசையில் அச்சிடப்பட்டிருக்கும். மேலிருந்து ஒவ்வொன்றாகப் பயன்படுத்தி, பயன்படுத்தியதை உடனே அடித்துவிட வேண்டும். அடித்த எண்ணை மறுபடி சொல்லக் கூடாது. ஒரே எண் இரண்டு வண்டிகளுக்குச் சொல்லப்பட்டால், எந்த அனுமதி எந்த வண்டிக்கு என்ற குழப்பம் வந்து விபத்தில் முடியும்.

வைஃபையிலும் இப்படி ஓர் ஒழுங்கு உண்டு. உங்கள் செல்போன் பெட்டியோடு இணையும்போது இரண்டும் நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. மூன்றாவது செய்தியில் பெட்டி, "சாவியை இப்போது பொருத்திக்கொள்" என்கிறது. செல்போன் பொருத்திக்கொண்டு, நான்காவது செய்தியாக "ஆயிற்று" என்று பதில் சொல்கிறது. அதன்பின் அனுப்பும் ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, அந்த எண்ணையும் சாவியையும் சேர்த்துத்தான் தகவல் மறைத்து எழுதப்படுகிறது. ஒரே சாவியோடு ஒரு வரிசை எண் இரண்டாம் முறை வரவே கூடாது.

நான்காவது செய்தி வழியில் தொலைந்தால், பெட்டி மூன்றாவது செய்தியை மறுபடி அனுப்பும். அப்போது செல்போன் அதே சாவியை மறுபடி பொருத்திக்கொண்டு, வரிசை எண்ணையும் முதலிலிருந்து தொடங்கிவிட்டது. அடித்த தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே எண்கள் உள்ள புதுத்தாளை எடுத்து மேலிருந்து படித்தது போல! அலைவீச்சு எட்டும் தூரத்தில், பக்கத்து வீட்டிலோ தெருவிலோ இருக்கும் ஒருவன் வேண்டுமென்றே நான்காவது செய்தியைத் தடுத்து, இதை நடக்க வைக்க முடியும். ஒரே எண்ணால் மறைத்த இரண்டு தகவல்களை ஒப்பிட்டால், ஒன்றின் உள்ளடக்கம் தெரிந்தாலும் மற்றதைப் படித்துவிடலாம். இதில் பாஸ்வேர்டு திருடப்படவே இல்லை. அதனால்தான் அதை மாற்றிப் பயனில்லை.

இதற்குப் பரிகாரம், ஏற்கெனவே பொருத்திய சாவியை மறுபடி பொருத்தாதபடி மென்பொருளைத் திருத்துவதுதான். பெட்டிக்குள் நிரந்தரமாக எழுதி வைத்திருக்கும் அந்த மென்பொருளுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். வான்ஹூஃப் ஜூலை மாதத்திலிருந்தே தயாரிப்பாளர்களுக்கு ரகசியமாகத் தகவல் கொடுத்து, அவர்கள் திருத்தம் செய்ய அவகாசம் தந்த பிறகே வெளியிட்டார். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் செய்தி வெளிவருமுன் அக்டோபர் 10ஆம் தேதியே திருத்தத்தை அனுப்பிவிட்டது. ஆப்பிள் அக்டோபர் 31ஆம் தேதியும், ஆண்ட்ராய்டு செல்போன்களுக்குக் கூகுள் நவம்பரிலும் திருத்தம் தந்தன. திருத்தம் வந்தது உண்மை. நம் வீட்டுக் கருவிக்கு அது போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

சிவப்பு காட்டாத பழுது

ரயில்வே சிக்னலில் ஒரு கொள்கை உண்டு. கம்பி அறுந்தாலோ, மின்சாரம் நின்றாலோ சிக்னல் தானாகச் சிவப்புக்குப் போக வேண்டும். வண்டி நிற்கும், தாமதமாகும், ஆனால் உயிருக்குச் சேதமில்லை. பழுது இருந்தும் சிக்னல் பச்சை காட்டினால் அதற்கு 'ராங் சைடு ஃபெயிலியர்' என்று பெயர். சிக்னல்காரர்கள் அஞ்சுவது அதற்குத்தான்.

ஃபர்ம்வேர் குறை இந்த இரண்டாவது இனம். படம் ஓடுகிறது, பேச்சு தெளிவாகக் கேட்கிறது, எல்லா விளக்கும் பச்சை. "நன்றாகத்தானே வேலை செய்கிறது, எதற்குத் தொட வேண்டும்?" என்று வீட்டில் உள்ளவர்கள் கேட்பது இயல்பு. ஆனால் இவ்வகைப் பழுது தானாக வெளியே தெரியாது. முறைவைத்துச் சோதித்தால்தான் தெரியும்.

செய்தி வந்தால் செய்ய வேண்டியவை

1. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் நிறுவனப் பெயர், மாடல் எண், 'ஹார்டுவேர் வெர்ஷன்' ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். செய்தியில் வரும் மாடல் நம்முடையதுதானா என்று பார்க்க இது வேண்டும்.

2. பெட்டியை இணைப்புக் கொடுத்த நிறுவனமே தந்திருந்தால், ஃபர்ம்வேரைத் தூரத்திலிருந்தே புதுப்பிக்கும் வசதி பெரும்பாலும் அவர்களிடம் இருக்கும். வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசி செய்து, "இந்த மாடலுக்குத் திருத்தம் போட்டாகிவிட்டதா?" என்று கேளுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. கடையில் நீங்களே வாங்கிய பெட்டியானால், அதன் அமைப்புப் பக்கத்துக்குள் சென்று 'ஃபர்ம்வேர் அப்கிரேடு' என்ற இடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்ற முகவரியில் அந்தப் பக்கம் வரும். கோப்பைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டுமே, உங்கள் மாடலுக்கும் ஹார்டுவேர் வெர்ஷனுக்கும் உரியதாகப் பார்த்து எடுங்கள். வேறு மாடலின் கோப்பை ஏற்றினால் பெட்டி பயனற்றுப் போகலாம்.

4. ஏற்றும்போது கம்ப்யூட்டரைக் கேபிள் மூலம் இணைத்துச் செய்வது நல்லது. நடுவில் மின்சாரம் போனாலும் பெட்டி கெட்டுப்போகலாம். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் கவலை குறைவு. மற்றவர்கள் மின்வெட்டு இல்லாத நேரம் பார்த்துச் செய்யுங்கள். இணைப்புக்கான பெயர், பாஸ்வேர்டு முதலியவற்றை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

5. பெட்டியோடு நின்றுவிடாதீர்கள். கிராக் குறை பெரும்பாலும் செல்போன், கம்ப்யூட்டர் போன்ற கருவிகளின் பக்கம் இருந்தது. அவற்றில் வரும் 'அப்டேட்' அறிவிப்பைத் தள்ளிப்போடாமல் ஏற்றுங்கள். மாடியறைக்காக வைத்த ரிப்பீட்டர், கண்காணிப்புக் கேமரா, ஸ்மார்ட் டி.வி. ஆகியவற்றையும் மறக்க வேண்டாம்.

6. திருத்தம் கிடைக்கும் வரை வங்கி வேலைகளைச் செல்போனின் சொந்த இணைப்பில் செய்யுங்கள். இணையத்தளத்தின் முகவரி 'எச்.டி.டி.பி.எஸ்.' என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். அது வைஃபைக்கு மேல் இன்னொரு பூட்டு.

7. பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்குரிய பாஸ்வேர்டை இன்னும் மாற்றாதவர்கள் இந்த வாய்ப்பில் மாற்றிவிடுங்கள். வெளியிலிருந்து பெட்டியை நிர்வகிக்கும் 'ரிமோட் மேனேஜ்மெண்ட்' வசதி உங்களுக்குத் தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள். பெட்டி நிறுவனம் தந்ததானால் அவர்களைக் கேட்டுச் செய்யுங்கள்.

பழைய பெட்டிகள்

ரயில்வேயில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஆயுள் விதித்திருப்பார்கள். அந்தக் காலம் முடிந்தால், ஓடிக்கொண்டிருந்தாலும் மாற்றத் திட்டமிடுவார்கள். வைஃபை பெட்டிக்கும் ஆயுள் உண்டு: தயாரிப்பாளர் திருத்தம் அனுப்புவதை நிறுத்தும் நாள்தான் அது. அதன்பின் கண்டுபிடிக்கப்படும் எந்தக் குறையும் அந்தப் பெட்டியில் என்றும் தங்கிவிடும். 2021 மே மாதத்தில் அதே வான்ஹூஃப் 'ஃபிராக் அட்டாக்ஸ்' என்ற பெயரில் மேலும் சில குறைகளை வெளியிட்டார். அவற்றுள் சில, வைஃபை தொடங்கிய 1997ஆம் ஆண்டிலிருந்தே அதன் அமைப்பில் இருந்தவை. ஆகவே புதிய குறை இனி வராது என்று இருக்க முடியாது. புதிதாக வாங்குபவர்கள், 2018இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 முறை உள்ள பெட்டியா, எத்தனை ஆண்டுகள் திருத்தம் தருவார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

ஏமாற்றுக்காரர்களிடம் எச்சரிக்கை

இப்படிப்பட்ட செய்தி வரும்போதெல்லாம், "உங்கள் ரூட்டரில் பழுது, நாங்கள் சரிசெய்கிறோம், இந்தச் செயலியை ஏற்றுங்கள், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று யாராவது தொலைபேசியில் வரக்கூடும். ஃபர்ம்வேர் திருத்த எந்த நிறுவனத்துக்கும் உங்கள் வங்கி ஓ.டி.பி. தேவையில்லை. தமிழில் இனிமையாகப் பேசினாலும் நம்ப வேண்டாம். பேச்சை நிறுத்திவிட்டு, ரசீதில் உள்ள எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். பணம் போய்விட்டால் சற்றும் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஊருக்கு வரும்போது அம்மா அப்பாவுக்குத் துணிமணி வாங்கி வருகிறீர்கள். அத்துடன் அரை மணி நேரம் ஒதுக்கி, வீட்டுப் பெட்டியையும் அவர்கள் செல்போனையும் புதுப்பித்துவிட்டுப் போங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, பொங்கலுக்கும் தீபாவளிக்கும், என்று வைத்துக்கொண்டால் மறக்காது. உதவிக்குப் பிள்ளைகள் அருகில் இல்லாத அன்பர்கள் பெட்டியின் மாடல் எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள். உடன் அமர்ந்து பார்த்துத் தர நான் தயாராக இருக்கிறேன்.