சீரம் புட்டிக்குள் கரும்பு

அரவைக் காலத்தில் திருவாலங்காட்டுப் பக்கம் போனால், திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பேற்றி வந்த டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்பதைப் பார்க்கலாம். இங்கே கரும்பு சர்க்கரையாகிறது. பிரேசிலில் அதே கரும்பின் ஒரு பங்கு ஈஸ்டுக்குத் தீனியாகி, முகத்தில் தடவும் எண்ணெயாக மாறுகிறது. அதன் பெயர் ஸ்குவாலேன். பெரிய நகரத்துக் கடைகளில் மட்டுமே கிடைத்த, இந்த எண்ணெய் கலந்த சீரம் புட்டிகள் இப்போது சின்ன ஊர்களுக்கும் கூரியரில் வந்து இறங்குகின்றன. ‘பயோடெக்’, ‘நொதித்தலில் பிறந்தது’, ‘இளமை காப்பது’ என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். ஒரு பொருளை எப்படித் தயாரித்தார்கள் என்பது ஒரு கேள்வி, அது தோலில் என்ன வேலை செய்கிறது என்பது வேறு கேள்வி. விளம்பரம் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, இரண்டாவதற்கும் சொல்லிவிட்டதுபோல் காட்டுகிறது. அதனால்தான் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஸ்குவாலேனின் கதை சுறாவில் தொடங்குகிறது. ஆழ்கடல் சுறாக்களுக்குக் காற்றுப்பை கிடையாது. ஈரலில் நிறைந்திருக்கும் இலேசான எண்ணெய்தான் அவற்றை மூழ்காமல் தாங்குகிறது. 1906-ல் ஜப்பானிய வேதியியலாளர் மிட்சுமாரு சுஜிமோட்டோ அந்த எண்ணெயில் ஸ்குவாலீனைக் கண்டார். நம் தோலில் ஊறும் எண்ணெய்ப் பசையிலும் இது இருக்கிறது. காற்றுப் பட்டால் சீக்கிரம் கெட்டுப்போகும் என்பதால் ஹைட்ரஜன் ஏற்றி, கெடாத ஸ்குவாலேனாக்கி விற்றார்கள். இதற்காகச் சுறாக்கள் கொல்லப்பட்டன. பிறகு ஆலிவ் எண்ணெயிலிருந்து எடுத்தார்கள். அடுத்து வந்தது ஈஸ்ட். மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினை ஈஸ்டில் உருவாக்க பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஜே கீஸ்லிங் குழு நடத்திய ஆராய்ச்சியிலிருந்து கிளைத்த அமைரிஸ் நிறுவனம், கரும்புச் சர்க்கரையைத் தின்று ஃபார்னசீன் என்ற பொருளைச் சுரக்கும்படி ஈஸ்டின் மரபணுக்களை மாற்றியது. ஃபார்னசீனில் 15 கார்பன் அணுக்கள். இரண்டை ஒட்டினால் 30. ஹைட்ரஜன் ஏற்றினால் ஸ்குவாலேன்.

சுறாவைக் கொல்லாமலே கிடைக்கிறது, அது பெரிய விஷயம். ஆனால் கன்னத்துக்குச் சுறாவினதும் கரும்பினதும் ஒரே மூலக்கூறுதான். தோலின் ஈரம் ஆவியாகாமல் காக்கும். வறட்சியால் தெரியும் மெல்லிய கோடுகள் அடங்கும். ஆழமான சுருக்கத்தை அது தொடாது. ஏனென்றால் அந்தச் சுருக்கம் பிறக்கும் இடம் வேறு.

அந்த இடம் மேல்தோலுக்குக் கீழே, கொலாஜன் என்ற புரத இழைகளுக்குள் இருக்கிறது. கொலாஜனின் வடிவத்தை உலகத்துக்குச் சொன்னது நம் சென்னை. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1952-ல் வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்றார். அங்கே பணியாற்றிய ஜி.என். ராமச்சந்திரன் அதைக் கையில் எடுத்தார். மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் உதவியோடு கங்காரு வாலின் தசைநார்க் கொலாஜனை எக்ஸ் கதிரில் ஆராய்ந்து, சக ஆய்வாளர் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-ல் ‘நேச்சர்’ இதழில் விடையை வெளியிட்டார். மூன்று புரிகளை முறுக்கிய கயிறு போன்றது அது. ஒவ்வொரு புரியிலும் மூன்றில் ஓர் இடம் கிளைசீன் என்ற மிகச் சிறிய அமினோ அமிலத்துக்குரியது. அது சிறியதாக இருப்பதால்தான் புரிகள் அவ்வளவு நெருக்கமாக முறுக்கிக்கொள்ள முடிகிறது. கொலாஜன் கிரீம் பூசினால் கொலாஜன் கூடும் என்று நம்புகிறவர்களுக்கு இந்த அளவு தெரியவேண்டும். கயிற்றின் மூலக்கூறு எடை சுமார் 3 லட்சம் டால்டன். சேதமில்லாத தோல் வழியே எளிதில் நுழைய 500-க்குள் இருக்க வேண்டும் என்பது தோல் மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆய்வுக்கூடத்தில் மரபணு மாற்றிய நுண்ணுயிரில் விளைந்த கொலாஜனானாலும் மேலேயேதான் தங்கும்.

முன்பு சேவல் கொண்டையிலிருந்து எடுத்து, இப்போது பாக்டீரியாவில் நொதிக்கவைக்கும் ஹயலுரானிக் அமிலத்துக்கும் இதே கணக்குதான். பெரிய மூலக்கூறு. நீரைப் பிடித்து வைக்கும், அவ்வளவே.

வளர்ச்சிக் காரணிகள் என்று விலையுயர்ந்த ஒரு வகை உண்டு. அவற்றில் ஒன்றான ஈ.ஜி.எஃப். புரதத்தைக் கண்டுபிடித்த ஸ்டான்லி கோஹனுக்கு 1986-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் இதையே மரபணுப் பொறியியலில் தயாரித்து, நீரிழிவுக் கால் புண்ணுக்கான களிம்பாக விற்கிறது. புண்ணில் தோல் திறந்திருக்கிறது, மருந்து உள்ளே போகிறது. மூடிய கன்னத்தில் சுமார் 6,000 டால்டன் புரதம் எவ்வளவு இறங்கும்? புண்ணில் கிடைத்த வெற்றியைக் காட்டி முகத்துக்கு விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

உள்ளே இறங்கக்கூடிய அளவு ரெட்டினாலுக்கு உண்டு, எடை 286. சுருக்கத்துக்கு எதிராக நீண்டகாலச் சான்று இருப்பதும் அது சேர்ந்த வைட்டமின் ஏ குடும்பத்துக்குத்தான். அது பெரும்பாலும் வேதியியல் ஆலையில் தயாராவது. எரிச்சல் தரும், தோல் உரியும், கர்ப்பிணிகள் தொடக்கூடாது.

அதற்குப் போட்டியாக இன்று பேசப்படும் பகுச்சியால் இருக்கும் விதையை நாம் கார்போகரிசி என்றே அறிவோம். நாட்டு மருந்துக் கடையில் கறுத்த, சிறுநீரக வடிவ விதை, முகர்ந்தால் காரமான வாசம். அதிலிருந்து 1966-ல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் மேத்தா, நாயக், சுக்தேவ் மூவரும் பகுச்சியாலைப் பிரித்தார்கள். 2019-ல் அமெரிக்காவில் 44 பேரிடம் 12 வாரம் ரெட்டினாலையும் இதையும் ஒப்பிட்டார்கள். சுருக்கமும் கருமையும் குறைந்ததில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. உரிதலும் குத்தலும் ரெட்டினால் பூசியவர்களிடமே அதிகம். 44 பேர் சிறிய எண்ணிக்கைதான், ஆனாலும் கவனிக்கத்தக்க முடிவு. இதைப் படித்துவிட்டு யாரும் விதையை அரைத்து முகத்தில் பூசிவிடக் கூடாது. அதில் சோரலென் என்ற பொருளும் இருக்கிறது. வெண்புள்ளிக்கு மருத்துவர் மேற்பார்வையில் பயன்படுவது அதனால்தான். வெயிலோடு சேர்ந்தால் தோலைக் கொப்புளிக்க வைக்கும்.

எல்லாவற்றையும்விட மலிவான வழிக்கும் சான்று ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நம்பூரில் 900-க்கும் மேற்பட்டவர்களை நாலரை ஆண்டுகள் கவனித்தார்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொன்ன குழுவில் தோல் முதுமை 24 விழுக்காடு குறைவு. 2013-ல் வந்த முடிவு இது. கொலாஜனைப் பழுதாக்கும் நொதிகளைத் தூண்டுவதே புற ஊதாக் கதிர்தான். புதிதாகக் கொலாஜன் வளர்க்கப் பணம் செலவழிப்பதற்கு முன், இருப்பதை வெயில் தின்னாமல் பார்த்துக்கொள்ளலாம். நாளெல்லாம் கரும்பு வெட்டுகிறவர்களுக்கு சீரமும் எட்டாது, சன்ஸ்கிரீனும் எட்டாது. முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் அவர்களுக்கு உண்மையான காப்பு.

கார் கண்ணாடி காக்கும் என்று எண்ணவும் வேண்டாம். சுருக்கத்துக்குக் காரணமான ஏ வகைப் புற ஊதாக் கதிர் பக்கக் கண்ணாடி வழியே வரும். 28 ஆண்டுகள் டெலிவரி லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கரின் படம் 2012-ல் மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. ஜன்னலோர இடக் கன்னம் மட்டும் தடித்துச் சுருங்கியிருந்தது. நமக்கு ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். திருத்தணி வழியாகத் திருப்பதிக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் புறப்படும் முன் முகம் முழுக்க சன்ஸ்கிரீன் பூசட்டும், வலக் கன்னத்தையும் வலக் கையையும் விட்டுவிடாமல். வழியில் டீ குடிக்க இறங்கும்போது இன்னொரு முறை.