ஒரு இன்ச் இறக்கினா என்ன ஆகும்? பழைய மஸ்டாங்கும் முன் சஸ்பென்ஷனும்

1965 ஃபோர்டு மஸ்டாங்கை வீடியோவுலயாவது பார்த்திருப்பீங்க. பானெட்டைத் திறந்தா என்ஜினுக்கு ரெண்டு பக்கமும் பெரிய தகரக் கோபுரம் மாதிரி ஒண்ணு நிற்கும். ஷாக் டவர்னு பேரு. மேல் கண்ட்ரோல் ஆர்ம் மேல காயில் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும், அதோட மேல்முனை இந்த டவருக்குள்ள முட்டி நிற்கும். பெரிய என்ஜின் வைக்க ஆசைப்படுறவங்களுக்கு இந்த டவர்தான் முதல் எதிரி. "இதை வெட்டிட்டு நாமே புதுசா ஒரு முன் சஸ்பென்ஷன் கட்டிட்டா என்ன?"ங்கிற யோசனை அங்கதான் பிறக்குது.

கட்டலாம். ஆனா ஸ்பிரிங், டேம்பர் கேட்டலாக்கைத் திறக்கிறதுக்கு முன்னாடி பிவட் புள்ளிகள் எங்கே இருக்கணும்னு முடிவு பண்ணணும். காரோட குணத்தை அதிகமா தீர்மானிக்கிறது அந்தப் புள்ளிகள்தான்.

இதுக்கு அதே மஸ்டாங்லயே அருமையான உதாரணம் இருக்கு. 1965 ஷெல்பி ஜிடி350-ல, மேல் ஆர்மை டவர்ல பூட்டுற போல்ட் ஓட்டைகளை 1 இன்ச் கீழே இறக்கினாங்க. ஷெல்பி டிராப்னு சொல்வாங்க. ஃபோர்டு என்ஜினியர் கிளவுஸ் ஆர்னிங் பேர்ல ஆர்னிங் டிராப்னும் சொல்றதுண்டு. புதுப் பார்ட் எதுவும் இல்ல, ஓட்டைதான் நகருது. அதுல அப்படி என்ன மாறுது?

வளைவுல பாடி வெளிப்பக்கம் சாயும். வெளிச் சக்கரமும் கூடவே சாய்ஞ்சா டயர் வெளி விளிம்புல மட்டும் நிற்கும், பிடிப்பு குறையும். அதனால சஸ்பென்ஷன் அமுங்க அமுங்க, சக்கரத்தோட மேல்பகுதி பாடியைப் பொறுத்து உள்ளே இழுபடணும். இதுதான் கேம்பர் கெயின். உள் பிவட்டை இறக்கினா மேல் ஆர்ம் உள்பக்கமா கீழே சரியுது. சக்கரம் ஏறும்போது மேல் பால் ஜாயின்ட் முன்னைவிட அதிகமா உள்ளே வரும்.

நம்ப முடியலையா? பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி ரெண்டு ஆர்ம், ஒரு நக்கிள் செஞ்சு குண்டூசியால போர்டுல குத்திப் பாருங்க. சாஃப்ட்வேர் அப்புறம். மேல் ஆர்ம் கோட்டையும் கீழ் ஆர்ம் கோட்டையும் நீட்டினா ஒரு இடத்துல சந்திக்கும். அது இன்ஸ்டன்ட் சென்டர். டயர் தரையைத் தொடுற இடத்துல இருந்து அதுக்கு ஒரு கோடு போடுங்க. அது காரோட நடுக்கோட்டை வெட்டுற இடம் ரோல் சென்டர். ஒரு குண்டூசியை நகர்த்தினா எல்லாமே நகர்றது கண்ணுக்குத் தெரியும். அதுக்காக இன்னும் இறக்கலாமேன்னு போகக்கூடாது. நேரா பிரேக் பிடிக்கும்போதும் முன்பக்கம் அமுங்கும், அப்போ ரெண்டு சக்கரமும் தேவையில்லாம உள்ளே சாயும்.

அடுத்து ஸ்டீயரிங். நிறைய கஸ்டம் கார் மாட்டிக்கிற இடம் இதுதான். டை ராடும் ஒரு ஆர்ம் மாதிரி வட்டம் போடுது. அதோட கோடும் அதே இன்ஸ்டன்ட் சென்டரை நோக்கிப் போகணும், நீளமும் பொருந்தணும். கைக்குக் கிடைச்ச ரேக்கை அப்படியே போட்டா, ஸ்டீயரிங்கைத் தொடாமலேயே மேடு பள்ளத்துல சக்கரம் தானா திரும்பும். பம்ப் ஸ்டீர்னு இதுக்குப் பேரு. 100 கி.மீ. வேகத்துல இது விளையாட்டில்ல.

ஸ்பிரிங்குக்கு வருவோம். ஒரு முன் சக்கரம் தாங்குற ஸ்பிரங் மாஸ் 350 கிலோன்னு வெச்சுக்குங்க. சக்கரம் 10 மி.மீ. ஏறினா ஸ்பிரிங் 6 மி.மீ. அமுங்குது, அதாவது மோஷன் ரேஷியோ 0.6. மி.மீ.க்கு 60 நியூட்டன் ஸ்பிரிங் போட்டா சக்கரத்துல 36 வரும்னு நினைப்போம். ஆனா ரேஷியோவை ஸ்கொயர் பண்ணணும். விசையும் குறையுது, நகர்வும் குறையுது. 60 × 0.36 = 21.6. இதுல அலைவெண் சுமார் 1.25 ஹெர்ட்ஸ். சாதாரண ரோட் காருக்கு 1 முதல் 1.5 நல்ல எல்லை.

இப்போ அந்த டவர். மஸ்டாங்குல தனி சேஸி கிடையாது, பாடிதான் எல்லாத்தையும் சுமக்குது. டவரை வெட்டினா அது சுமந்த விசை வேற வழியில போயாகணும். ஒரு கணக்கு: பிரேக் பிடிக்கும்போது ஒரு முன் சக்கரத்துல 500 கிலோ எடை, உராய்வு 0.9. தரையில விசை சுமார் 4,400 நியூட்டன். கீழ் பால் ஜாயின்ட் 200 மி.மீ., மேல் ஜாயின்ட் 450 மி.மீ. உயரத்துல இருக்குன்னா, மொமென்ட் எடுத்துப் பாருங்க: கீழ் ஜாயின்ட் பின்னோக்கி 1.8 மடங்கு, சுமார் 7,900 நியூட்டன் தாங்குது. மேல் ஜாயின்ட்டுக்கு 3,500, அதுவும் முன்னோக்கி! அந்த ஆர்ம், பிராக்கெட், வெல்டிங் எல்லாம் இதை லட்சக்கணக்கான தடவை தாங்கணும். ஒருமுறை தாங்கினா போதாது, ஃபட்டீக் கணக்கும் போடணும். பிராக்கெட்டை மெல்லிய தகட்டுல நேரா ஒட்டாம, சேஸி ரெயில் வரைக்கும் விசையைக் கொண்டு போங்க. வெல்டிங் மட்டும் தெரிஞ்சவர்கிட்ட கொடுங்க, ஈகோ வேண்டாம்.

நம்ம ஊர்ல பழைய காரை இப்படி மாத்தி ரோட்ல ஓட்டுறதுக்கு முன்னாடி மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ஐப் படிச்சுடுங்க. பாஹா, ஃபார்முலா ஸ்டூடன்ட் டீம்ல இருக்கிறவங்களுக்கு அந்தத் தலைவலி இல்ல, ஆனா மேல சொன்ன கணக்கு அத்தனையும் உண்டு.

எல்லாம் பூட்டினதும் உடனே ஓட்டிப் பார்க்காதீங்க. ஸ்பிரிங்கைக் கழட்டி, ஸ்டீயரிங்கை லாக் பண்ணி, சக்கரத்துக்கு அடியில ஜாக் வையுங்க. ஹப்புல ஒரு தட்டையான பலகையைப் பூட்டி, முன்னும் பின்னும் ரெண்டு டயல் கேஜ். 10 மி.மீ.க்கு ஒருமுறை ஏத்தி இறக்கி, ரெண்டு கேஜுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதுங்க. அந்த வித்தியாசம் மாறிக்கிட்டே போனா டோ மாறுதுன்னு அர்த்தம். ஷிம் போட்டு ரேக்கை ஏத்தியோ இறக்கியோ திரும்ப அளங்க. சலிக்கும், ஆனா ஒரு நாள் வேலைதான்.