கரைய வேண்டும்... ஆனால் உடனே கரையக் கூடாது! பாலிலிருந்து ஒரு பேக்கிங் கவர்

பச்சை முட்டையின் வெள்ளைக்கருவைத் தண்ணீரில் கலக்கிவிடலாம். அதையே வேகவைத்துவிட்டால், எவ்வளவு கலக்கினாலும் கரையாது. நம் சமையலறையில் நடக்கும் இந்த மாற்றம்தான், மட்கும் பேக்கிங் கவர் தயாரிக்கும் விஞ்ஞானிகளுக்கும் கைகொடுக்கிறது.

பால், சோயா போன்றவற்றின் புரதத்தைத் தண்ணீரில் கரைத்து, மெல்லியதாகப் பரப்பிக் காயவைத்தால் கண்ணாடிபோன்ற ஃபிலிம் கிடைக்கும். சாதாரண பாலித்தீனைவிட ஆக்ஸிஜனை நன்றாகத் தடுக்கும். மண்ணில் மட்கிவிடும். பெரிய சிக்கல், ஈரம் பட்டால் தாங்காது என்பதுதான்.

சூடு என்ன செய்கிறது?

சீஸ் தயாரிக்கும்போது வடியும் தண்ணீரில் 'வே' புரதம் இருக்கிறது. நூல்கண்டுபோலச் சுருண்டிருக்கும் இதைச் சூடாக்காமல் ஃபிலிம் ஆக்கினால், தண்ணீரில் கரைந்துவிடும். அந்தக் கரைசலை முதலில் 90 டிகிரி செல்சியஸில் 30 நிமிடங்கள் சூடாக்கினால், கண்டு பிரியும். உள்ளே மறைந்திருந்த கந்தக முனைகள் வெளியே வந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இப்படி வலைபோலப் பின்னிக்கொண்ட ஃபிலிம், தண்ணீரில் ஊறுமே தவிர, முழுதாகக் கரையாது.

சேர்ப்பதில் கவனம்!

புரதம் மட்டும் இருந்தால் ஃபிலிம் அப்பளம்போல நொறுங்கும். வளைந்து கொடுப்பதற்காகக் கிளிசரின் சேர்க்கிறார்கள். ஆனால், கிளிசரின் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் பட்டால் ஃபிலிமிலிருந்து கரைந்து வெளியேறியும்விடும். அதனால் அளவு முக்கியம். கூடினால் பிசுபிசுக்கும், குறைந்தால் உடையும்.

பாலில் அதிகமுள்ள கேசீன் புரதத்தின் கதையே வேறு. அது இறுகச் சுருண்டிருப்பதில்லை என்பதால், சூடாக்கினாலும் 'வே' புரதம்போல மாறாது. எனவே அமெரிக்க வேளாண்மைத் துறை விஞ்ஞானிகள், எலுமிச்சை, ஆரஞ்சு வகைப் பழங்களிலிருந்து எடுக்கப்படும் பெக்டினை அதில் சேர்த்தார்கள். ஃபிலிம் வலுவானதுடன், ஈரத்தையும் வெப்பத்தையும் தாங்கும் திறனும் கூடியது. 2016-ல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் இதை விளக்கினார்கள்.

சூப், காபி தூளை இந்தப் பாக்கெட்டோடு வெந்நீரில் போட்டுக் கரைத்துக் குடிக்கலாம் என்பது அவர்கள் யோசனை. இங்கே கரைவதே வசதி! ஆனால், கடையில் தூசியும் ஈரமும் படாமலிருக்க, வெளியே இன்னொரு டப்பா தேவை. பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு எச்சரிக்கையும் அதில் அச்சிட வேண்டும். அந்த வெளி டப்பா பிளாஸ்டிக்காக இல்லாமல் அட்டைப்பெட்டியாக இருந்தால், பாக்கெட் காபியோடு கரைந்துபோகும். பெட்டி மண்ணோடு மட்கிப்போகும்.